கடைப் பேர் வேண்டாம்

“இதுலயும் கடை பேரை அடிச்சுட்டீங்களா, அண்ணே?”

ஸ்கூட்டர் மெக்கானிக், கிரீஸ் பட்டுவிடக் கூடாதென்று ஒரு துணியைச் சுற்றிப் பிடித்திருந்த தாளை அவளிடம் நீட்டினார். கடைப் பெயர், தெரு, போன் நம்பர் மூன்றின் மேலும் பென்சில் கோடு.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சின்னக் கடைகளுக்கு இணையத்தில் வலைப்பதிவு எழுதிக் கொடுப்பது அவள் தொழில். பேக்கரி, மூக்குக் கண்ணாடிக் கடை, பூட்டு ரிப்பேர் என்று பதினோரு பேருக்கு எழுதுகிறாள். வரிக்கு வரி தன் கடைப் பெயர் வர வேண்டும் என்று உயிரை வாங்குகிறவர்களைத்தான் அவளுக்குப் பழக்கம். பெயரே வேண்டாம் என்கிற முதல் ஆள் இவர்தான்.

“இது ஆறாவது பதிவு. ஆறு தடவையும் இதே கூத்து. முதல் நாளே சொன்னேனா இல்லையா? இப்ப யாரும் ஒவ்வொரு பக்கமா திறந்து படிச்சுக்கிட்டு இருக்கிறதில்ல. போன்ல ஏஐகிட்ட ஒரு கேள்வி கேக்கிறாங்க. அது நாலு இடத்துல படிச்சுட்டு ஒரு பதில் சொல்லுது. அதுக்குப் புரியணும்னா தலைப்புல கேள்வி இருக்கணும், முதல் வரியில பதில் இருக்கணும், சொல்றது யாரு, எந்தக் கடைன்னு...”

காற்றடிக்கும் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அது நிற்கும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“முதல் ரெண்டும்தான் இருக்கே, டீச்சர்,” என்றார் அவர்.

கடைப் பலகையில் இருந்த எழுத்துப் பிழையை முதல் நாள் எடுத்துச் சொன்னதிலிருந்து அவள் அவருக்கு டீச்சர்.

முதல் இரண்டும் இருந்தது உண்மைதான். அந்த விஷயத்தில் அவர் அவளைவிடக் கறார். ‘டிரம் பிரேக்’ என்று எழுதினால், “பின் சக்கரத்துக்குள்ள இருக்கிற பிரேக்னு போடுங்க, அப்பத்தான் விளங்கும்” என்பார். ‘உடனடியாக மெக்கானிக்கை அணுகவும்’ என்று எழுதினால், “மழையில நடுரோட்டுல நிக்கிற ஆளு எங்க போய் அணுகும்? அங்கேயே என்ன செய்யணும்னு எழுதுங்க” என்பார். ஒரு வரிக்காக ஒன்பது தடவை போன் செய்த நாளும் உண்டு.

எல்லாம் சரி, எழுதுவது எந்த வண்டியைப் பற்றி? ஆறு பதிவும் ஒரே மாடல். அதைத் தயாரிப்பதையே கம்பெனி நிறுத்தி ஏழு வருஷம் ஆகிறது.

“புது வண்டி பத்தி எழுதலாம்னு கெஞ்சறேன். உங்க கடை வாசல்ல நிக்கிறது எல்லாம் புதுசு. நீங்க இந்த ஓட்டை வண்டியையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க.”

“ஓட்டை வண்டி இல்ல. நல்ல வண்டி.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “போன வாரம் எழுதினோமே, அது போன்ல வருதா?”

அவள் அலுப்போடு போனை எடுத்து, மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டாள். “மழைத் தண்ணியில போனதுக்கப்புறம் பின் பிரேக் பிடிக்கலை. என்ன செய்யலாம்?”

போன் பேசியது. “வேகத்தைக் குறையுங்கள். மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை மூன்று, நான்கு தடவை லேசாகப் பிடித்து விடுங்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் காய்ந்துவிடும். அப்படியும் பிடிக்காவிட்டால் ஓட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டு போங்கள் என்கிறார் ஒரு மெக்கானிக்.”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “இன்னொரு தடவை கேளுங்க. பதறிப்போய்க் கேக்கிற மாதிரி கேளுங்க.”

கேட்டாள். போன் அதையே சொன்னது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

“பாத்தீங்களா? ‘ஒரு மெக்கானிக்’காம். ஊர் பேர் தெரியாத மெக்கானிக். இதைக் கேட்டுட்டு ஒரு ஆளு உங்க கடைக்கு எப்படி வருவாங்க?”

“வராட்டிப் போறாங்க.”

“அப்ப நான் எதுக்கு? நான் எழுதியும் ஒரு ஈ காக்கா வரலைன்னு நாளைக்கு என் பேருதான் கெடும்.” அவள் தாளைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள். “போதும்ணே. வேற ஆளைப் பாத்துக்குங்க.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, டீச்சர். முன்னாடி குழந்தை உட்கார சின்ன சீட் மாட்டுவாங்கல்ல? அந்த வண்டியில அதை ஆடாம எப்படி மாட்டறதுன்னு.”

அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று. “பத்து வருஷப் பழைய வண்டிக்குக் குழந்தை சீட்டா? உலகத்துல யாருண்ணே அதைப் போய்த் தேடப்போறாங்க?”

மெக்கானிக் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

“என் பொண்ணு. என்கிட்ட கோவிச்சுக்கிட்டு அந்த வண்டியில ஏறிப் போயி மூணு வருஷம் ஆச்சு. இன்னும் அதைத்தான் ஓட்டறாளாம், குழந்தை இப்ப உட்கார ஆரம்பிச்சிடுச்சாம்,” என்றார். “எதுன்னாலும் போன்கிட்டதான் கேப்பா, என்கிட்ட கேக்க மாட்டா. என் கடை பேரைப் பாத்தா அதையும் படிக்காம மூடிடுவா, டீச்சர்.”