ஏழாம் பக்கம்

அதிகாரம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க நானே தேடி வாங்கிய படப்புத்தகம் அது. உப்பளத்தில் கூலி வேலை பார்த்த முத்துக்கிளியின் வாழ்க்கை. ஏழாம் பக்கத்தில் முதலாளி வருகிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். முத்துக்கிளி மட்டும் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். "இந்தப் படத்துல யாருக்கு பவர் ஜாஸ்தி?" என்று என் நாலாம் வகுப்பில் கேட்டேன். எல்லா விரல்களும் முதலாளியின் மேல் போய் நின்றன. பேச்சிக்கனியின் விரல் மட்டும் கஞ்சிச் சட்டியைத் தொட்டது. அவளுக்குக் கைதட்டச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சத்துணவு நேரத்தில் கல்வி அதிகாரி வந்தார். பிள்ளைகள் தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, "வணக்கம் ஐயா" என்று இழுத்துச் சொன்னார்கள். பேச்சிக்கனி எழவில்லை. மடியில் தட்டோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள், சரியான விடை சொல்லிவிட்டவளைப் போல. எனக்கு என்ன வந்ததோ, "ஏட்டி, எந்திரி! மானத்த வாங்காத" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். தட்டு சரிந்தது. முட்டை அதிகாரியின் காலடிவரை உருண்டது.

"சாப்பிடுத பிள்ளைய எதுக்கு டீச்சர் எழுப்புதிய?" என்றார் அவர்.

அவர் போனதும் வேறு சோறும் முட்டையும் வாங்கி அவள் தட்டில் வைத்தேன். "எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க" என்றேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பேச்சிக்கனி மட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.