ஐலு எறிந்த ஷாக்குகள்

ஏரியின் பனிமேல் பட்ட வெயில் கொட்டகைக்குள் வந்து கண்ணைக் குத்துகிறது. ரிஸ்டென் தன் பழைய பனிவண்டியின் மூக்கைக் கட்டைகள்மேல் ஏற்றி, மேடுபள்ளத்தின் குலுக்கலைத் தாங்க வேண்டிய, நசுங்கிப்போன முன் ஷாக்குகளைக் கழற்றுகிறாள். நாளை ஈஸ்டர் பனிவண்டிப் பந்தயம். போன வருடப் பந்தயத்தில் இந்த ஷாக்குகள் கைவிட்டு வண்டி குப்புறப் பாய்ந்தது. அவள் பனியில் கிடந்தபோது, கூடப் பந்தயம் ஓடிய ஐலு பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கூட்டத்துக்கே கேட்கும்படி உரக்கக் கேட்டான்: “உங்கிட்ட எத்தனை மான்டி இருக்கு? ஒண்ண வித்து நல்ல ஷாக் வாங்கக் கூடாதா?” பனிமான் மேய்ப்பவரிடம் இங்கே யாரும் அந்த எண்ணிக்கையைக் கேட்பதில்லை; வங்கியில் எவ்வளவு பணம் என்று கேட்பது போல அது. பெற்ற அப்பாகூட அவளிடம் கேட்டதில்லை. கூட்டம் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டது. அதுதான் இன்னும் எரிகிறது. தரையில் விரித்த மான்தோலில் வேறு இரண்டு ஷாக்குகள் கிடக்கின்றன. நவம்பரில் ஏரியில் மூழ்கிய தன் வண்டியை ஐலு இழுத்துவந்து, இனி உதவாது என்று குப்பைமேட்டில் தள்ளினான். அதிலிருந்து இவள் கழற்றியவை. புது சீல், புது எண்ணெய், அவ்வளவுதான் செலவு. மாட்டி முறுக்கி, வண்டியை இறக்கி, மூக்கின்மேல் ஏறிக் குதிக்கிறாள். அது மெத்தென்று இறங்கிச் சத்தமில்லாமல் எழுகிறது. தம்பி மாஹ்தே கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறான். தன்னுடையவை என்று காட்ட ஐலு தன் மான்களின் காதில் வெட்டும் குறி, இரண்டு ஷாக்குகளிலும் சிவப்பாக வரையப்பட்டிருக்கிறது. “அக்கா, இத மறைச்சிடலாம். பாத்தான்னா என்னுதுன்னு சண்டைக்கு வருவான்.” “வரட்டும்டா. ஜெயிச்சுட்டு, அத்தனை பேர் முன்னாடியும் கேக்கறேன், இதுல உன்னுது எத்தனைன்னு.” டப்பாவை மூடிவிட்டு, அந்தக் குறி பளிச்சென்று தெரியும்வரை கந்தலால் துடைக்கிறாள்.