கழற்றிய கதவு

இரண்டு தடவை வந்தும் ஆள் சிக்காததால், சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போக வந்திருந்தார் கோர்ட் அமீனா ஞானதுரை. பசை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். வீட்டுக்குக் கதவு இல்லை. நிலையில் கீல் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. வாசலை அடைத்துக்கொண்டு செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள்.

“கதவு இருந்தாத்தான ஒட்டுவாங்கன்னு எங்க வீட்டுக்காரவ அதைக் கழத்தித் தலையில தூக்கிட்டுப் போயிட்டாவ. நாலு நாளா தோப்புக்குள்ள கதவோட அலையுதாவ.”

“சுவத்துல ஒட்டினாலும் செல்லும்மா.” சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஞானதுரைக்குப் பட்டது.

“அப்ப ஒட்டுங்க.”

“ஒட்டிட்டா உங்க கொழுந்தன் போட்ட பாகக் கேஸு நடக்க ஆரம்பிச்சிரும். பாதி வீடு போனாலும் போயிரும்.”

“போகட்டும். வயசுக்கு வந்த பிள்ளைய உள்ள வச்சுக்கிட்டு நாலு நாளா கண்ண மூடாம நான்தான் கதவா உக்காந்திருக்கேன்.”

ஞானதுரை பிரஷ்ஷைப் பசையில் முக்கினார். எடுக்க மனம் வரவில்லை. தோப்புப் பக்கமிருந்து ஒரு கதவு, அடியில் இரண்டு கால்களோடு, ஓடி வந்துகொண்டிருந்தது. செல்லக்கனியும் அதைப் பார்த்தாள். எழுந்துபோய், சுவரை முந்தானையால் அவசரமாகத் துடைத்துக் கொடுத்தாள்.