தப்பான நிழல்

“இதுவும் நல்ல பல்லுதான் சார். இதைப் போய்ப் பிடுங்கச் சொல்றீங்களே!”

பல் மருத்துவர் சின்னக் கண்ணாடியை நோயாளியின் வாயிலிருந்து வெளியே எடுத்தார். சாய்வு நாற்காலியில் கிடந்த ஓவியர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

“வலி உயிர் போகுது டாக்டர். பிடுங்கித்தான் ஆகணும். ஆனா அவசரமில்ல. நான் வெளிய உட்கார்ந்திருக்கேன், மத்தவங்களை எல்லாம் முடிச்சுட்டுக் கூப்பிடுங்க.”

போன மாதம் பிடுங்கிய இரண்டும் நல்ல பற்கள்தான். காலில் விழாத குறையாக ஒருவர் கெஞ்சும்போது மருத்துவர்தான் என்ன செய்வார்?

கதவைத் தள்ளிக்கொண்டு ஓவியரின் மனைவி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“டாக்டர், கையை எடுங்க! அவருக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல. வெளிய சுவத்துல தொங்குதே ஒரு படகுப் படம், அதைப் பார்க்கத்தான் வர்றாரு. சும்மா வந்து உட்கார வெக்கப்பட்டு, பல்லைக் குடுத்துட்டு வர்றாரு!”

மருத்துவரின் முகம் மாறியது. “அந்தப் படமா? அதுல என்ன?”

இனி மறைத்துப் பயனில்லை என்று ஓவியர் எழுந்து உட்கார்ந்தார்.

“சூரியன் இடது பக்கம் இருக்கு டாக்டர். படகோட நிழலும் இடது பக்கமே விழுது. எப்படி விழும்? அதை அப்படியே விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துதோ! கண்ணை மூடினா அந்த நிழல்தான் வந்து நிக்குது.”

“வீட்டுல ஒரு படம்கூட முடிக்கல,” என்றாள் மனைவி. “நிழல் வர்ற இடத்துல கை நடுங்குது, கிழிச்சுப் போட்டுடறாரு. சாப்பாட்டுத் தட்டைக்கூட நிழல் பார்த்துத் திருப்பித் திருப்பி வைக்கிறாரு. என்னை ஜன்னல் பக்கம் நிக்காதேங்கறாரு. ஒரே ஒரு தடவை அதைத் திருத்த விடுங்க டாக்டர். மனுஷன் பொழைச்சுப் போகட்டும்.”

மருத்துவர் வெகுநேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, “திருத்துங்க,” என்றார்.

ஓவியரின் சட்டைக்குள் பிரஷ் தயாராக இருந்தது. வண்ணக் குழாய்கள் காலுறைக்குள்ளிருந்து வந்தன. வெளியே காத்திருந்தவர்கள் வீங்கிய கன்னங்களோடு எழுந்து வழிவிட்டார்கள். ஓவியர் ஒரு நாற்காலியில் ஏறி, பழைய நிழலை மூடி, படகின் வலப்பக்கம் புதிய நிழலை இழுத்தார். அதுவரை தண்ணீர்மேல் ஒட்டவைத்தது போலிருந்த படகு சட்டென்று இறங்கி மிதந்தது. ஒரு நோயாளி வலியை மறந்து “அட!” என்றார்.

ஓவியர் கீழே இறங்கிக் கையை நீட்டிப் பார்த்தார். நடுக்கம் இல்லை.

மனைவிக்கு நிம்மதியில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வரையும்போதே இதை ஒழுங்கா வரைஞ்சு தொலைச்சிருந்தா ரெண்டு பல்லு மிஞ்சியிருக்குமே!”

“நான் எங்கடி வரைஞ்சேன்? இது யாரு படமோ!”

அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மருத்துவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“சார், அந்த ஓரத்துல இருக்கற மரத்தையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன். வரையும்போதே எனக்கு அது சரியா வரல.”