வட்டமிடும் விமானத்தில் நறுமுகை

விமானத்தில் விமானி கிடையாது. எஞ்சின் ஒன்று நின்றால், வீட்டிலிருக்கும் விமானிகள் இணையக் குழுவில் பேசி முடிவெடுக்கும்வரை அது வட்டமடிக்கும். இன்று ஒன்று நின்றுவிட்டது. எரிபொருள் குறையக் குறைய, பயணி நறுமுகை இருக்கைத் திரையில் அந்தக் குழுவைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள். விமானிகளான அவளுடைய அப்பாவும் அவரது பரம எதிரி தேவசகாயமும் அதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒத்த எஞ்சின்லயே சென்னை வந்துடும்யா!" என்று எழுதினார் அப்பா.

"முதல்ல 'இன்ஜின்'னு ஒழுங்கா எழுதுய்யா! திருச்சியில இறக்கணும்."

பயணிகளுக்கு உறவினரான விமானிகள் குழுவில் பேசக்கூடாது என்பது விதி. மூன்று மாத ரகசியத்தை அவள் திரையில் தட்டிக் குழுவுக்கு அனுப்பினாள்:

"நான் உள்ளேதான் இருக்கேன். சண்டை போடுறவங்கள்ல ஒருத்தர் எங்கப்பா, இன்னொருத்தர் மாமனார். அவர் மகன் ஆல்வினும் நானும் ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."

சண்டைக்காரர்கள் இருவரும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். மற்றவர்கள் உடனே விமானத்தைத் திருச்சியில் இறக்கினார்கள்.

அப்பா அழைத்தார். "அங்கயே இரும்மா, கார்ல வந்துக்கிட்டிருக்கோம்."

பின்னாலிருந்து தேவசகாயத்தின் குரல்: "லெஃப்ட்ல திருப்புங்க, சம்பந்தி!"

"எனக்குத் தெரியும், சம்பந்தி!"