உப்பு வெளியில் எட்டு

அவள் செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். வெறுங்காலைக் கிளட்சின் மேல் வைத்தாள்.

"இறங்கிடலாமாங்க?"

கோடியக்கரைக்குப் போகும் சாலையோரத்தில் வண்டி நின்றிருந்தது. இடப்பக்கம் தார் முடிந்து, அரையடி சரிந்து, வற்றிய உப்பு வெளி தொடங்கியது. சித்திரை வெயிலில் கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. ஒரு மரம் இல்லை. ஒரு கல் இல்லை. மோதுவதற்கு ஒன்றுமே இல்லை.

அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு லைசன்ஸ் தேர்வு. நான்காவது முறை. மூன்று முறையும் எட்டுப் போடும்போது தோற்றிருந்தாள். முதல் வளைவு அழகாக வரும். இரண்டாவது வளைவுக்குத் திரும்பும் இடத்தில் பயந்து பிரேக்கை மிதித்துவிடுவாள். வண்டி நின்றால் தேர்வும் முடிந்தது. கடைசி முறை, வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

வாடகைக் காரின் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

தார்ச்சாலையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது. மணல், சேறு, உப்பு நிலம் எதுவும் கூடாது. மீறினால் முன்பணம் திரும்பக் கிடைக்காது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் முன்பணத்தைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.

நான் இறங்கிப் போய் அந்த வெள்ளைத் தரையில் குதித்துப் பார்த்தேன். ஒரு முறை. இன்னொரு முறை. சிமெண்ட் போல இருந்தது. தாங்கும் என்று கையைக் காட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் எடை எழுபது கிலோ. கார் ஆயிரம் கிலோ. எனக்கு அது தோன்றவில்லை.

அவள் இறக்கினாள்.

முதல் வளைவு. சக்கரங்களுக்கு அடியில் அப்பளம் நொறுங்குவதைப் போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக்குள் இரண்டு கறுப்புக் கோடுகள் எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

அடியில் முழுக்கச் சேறு.

"நிறுத்திராத," என்றேன். "நின்னா புதைஞ்சிரும்."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவளுடைய வலது கால் எழுந்தது. பிரேக்கின் மேல் வந்து தயங்கியது. மெட்டி நடுங்குவது தெரிந்தது.

கால் நகர்ந்தது. ஆக்சிலேட்டருக்கு.

வண்டி உறுமியது. பின்பக்கம் வழுக்கியது, நிமிர்ந்தது, வளைந்தது. சேறு தெறித்துக் கண்ணாடியில் அப்பியது. இரண்டாவது வளைவு பெரிதாக, கோணலாக, முழுசாக வந்து முதல் வளைவில் சேர்ந்தது.

எட்டு.

"போட்டுட்டனா?"

"போட்டுட்ட. ரோட்டுக்கு ஏத்து."

ஏற்றவில்லை. இன்னொரு எட்டுப் போட்டாள். பிறகு இன்னொன்று. பழைய தடம் குழைந்திருந்ததால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். உப்புக்காற்றில் கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. தலையை உதறினாளே தவிர ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டு எண்ணத் தொடங்கியிருந்தேன்.

ஐந்தாவதில் போன் அடித்தது. நாகப்பட்டினத்தில் எங்களுக்கு வண்டி கொடுத்த சாகுல். வண்டி எங்கே போனாலும் அவர் போனில் காட்டும்.

"சார், வண்டி ரோட்டை விட்டு இறங்கிருச்சுன்னு வருதே. சேத்துலயா நிக்கிறீங்க?"

அவளுக்குக் கேட்டுவிட்டது.

"நிக்கவே இல்லைன்னு சொல்லுங்க."

ஒன்பது போட்டாள். பிறகு சரிவை நோக்கி ஒரே மிதி. இருவரும் கூரையில் தலை இடிக்கத் தாரில் ஏறினோம்.

சாயங்காலம் சாகுல் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். போனை எடுத்து எனக்குக் காட்டினார். சாலை ஒரு நேர்கோடு. அதன் பக்கத்தில் வெற்றிடத்தில், ஒன்றையொட்டி ஒன்றாகச் சிவப்பு எட்டுகள்.

"நான்தான் ஓட்டினேன்," என்றேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தப்புத்தான் சார். ஆனா சொல்லக் கூடாது, அந்தச் சேத்துல நானே இப்படிப் போட மாட்டேன். நல்ல கை சார் உங்களுக்கு."

"அது நான் போட்டது தம்பி," என்றாள் அவள்.

நான் அவள் காலை மிதித்தேன்.

"ஒம்பதும் நான்தான்."

சாகுல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லைசன்ஸ் இருக்கா அக்கா?"

"செவ்வாய்க்கிழமை வந்துரும்."

"அப்ப ரெண்டு மடங்கு ஆகுமே."

"ஆகட்டும். எழுதுங்க."

அவர் எழுதும்போது அவள் மேசை மேல் கையூன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டியவர் என்ற இடத்தில் அவர் பழக்கத்தில் என் பெயரைப் போட்டுவிட்டார். அடிக்கச் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக.

திருவாரூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் பறந்துவிடாமல் அந்த ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கால் முன்சீட்டுக்கு அடியில் ஏதோ ஒன்றை மிதித்துக்கொண்டே இருந்தது. பிரேக்கை அல்ல.

திங்கட்கிழமை காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டிருந்தாள்.

ரசீது என்னிடம் இருக்கிறது. ஓட்டியவர் என்ற இடத்தில் என் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில், கோ. தையல்நாயகி.