சேனை தொட்ட விரல்

கோவளத்தில் மீன் விற்கும் முனியம்மா, 1979 ஆடி மாதத்தில் சொல்லக் கேட்டது இது.

"ஒரு சொட்டு சீனித் தண்ணிக்கு இன்னாத்துக்கும்மா இப்படிக் கத்தறே? பொறந்ததும் நாக்குல சேனை வெக்காத கொயந்த எந்த வூட்ல கீது?"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் அறையின் வாசலை மறித்து நின்றாள் நர்ஸ் ரெபேக்காள். எதிரே, இப்படிக் கேட்டுக்கொண்டு, மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து வந்த படகுக்காரர் சடையப்பன். பக்கத்தில், சோப்புப் போட்டுக் கழுவிய கையில் சீனித் தண்ணீர்ச் சங்குடன் அவர் மகள் ஜெகதாம்பாள்.

உள்ளே சடையப்பனின் மகன் வழிப் பேத்தி. ஏழாம் மாதத்தில் பிறந்தவள். வயிறு உப்பி, மலத்தில் இரத்தம் கண்டு மூன்று நாளாகிறது. தலை நரம்பில் ஏறும் குளுக்கோஸ்தான் ஆகாரம்.

"குடல் புண்ணாயிருக்கு, பெரியவரே. ஒரு சொட்டு உள்ள போனாலும் ஓட்டை வியுந்துடும். அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது."

"சேனை வெக்கிறவங்க கொணம்தான் கொயந்தைக்கு வரும். எம்பொண்ணு வெக்கட்டும். அது வெக்கலன்னா நானே வெப்பேன்!"

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. ரெபேக்காள் திரும்பிய கணத்தில் ஜெகதாம்பாள் நுழைந்துவிட்டாள். சங்கில் விரலைத் தோய்த்தாள். குழந்தையின் உதட்டில் வைத்தாள்.

"என்னாட்டம் வாயாடியா வளருடி, தாயீ!"

ரெபேக்காள் அவள் கையைத் தட்டிவிட்டாள். "கொலகாரி! இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!"

சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறினார். குழந்தையின் தாய் வச்சலா நாத்தனாரோடு பேச்சை அறுத்துக்கொண்டாள். ரெபேக்காளோ மணிக்கொரு முறை நாடாவால் குழந்தையின் வயிற்றை அளந்தாள்.

வயிறு ஏறவில்லை. மறுநாள் ஒரு விரற்கடை இறங்கியது. பத்தாம் நாள், வச்சலாவின் பால் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக உள்ளே போயிற்று.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், கேட்டருகே ஜெகதாம்பாள் நின்றிருந்தாள். தினமும் அங்கேதான் நின்றாளாம்.

"நீ பண்ண வேலைக்கு இது பொயச்சது ஆண்டவர் கிருபை," என்றாள் ரெபேக்காள்.

"நான் வெக்கலன்னா நைனா நெசமாவே வெச்சிருக்கும், சிஸ்டர்."

ஜெகதாம்பாள் ஆள்காட்டி விரலை நீட்டினாள். "சங்குல தோச்சது இது."

அதை மடக்கி, நடுவிரலை நீட்டினாள். "ஒதட்டுல வெச்சது இது."

மதுராந்தகத்தார் சொல்லும் கதையில் குழந்தை தங்குவதில்லை. பழி ஜெகதாம்பாள்மேல் விழுகிறது. எந்த விரல் என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை.